கோலம் வேறு, உரிமை வேறு

பெருநகரங்களிலே துவிச்சக்கரவண்டி ஓட்டுவது இன்று ஒரு தனிச் சமயமாகவே வளர்ந்து விட்டது. பல இலட்சம் ரூபாய் பெறும் வண்டி, உடலோடு ஒட்டிய வண்ணச் சட்டை, அதற்கேற்ற தலைக்கவசம். செவ்விளக்கைக் கண்டும் நில்லாது பாய்வோரும், நடைபாதையில் முதியோரை மிரட்டி விலக்குவோரும், மோட்டார் வண்டி வைத்திருப்போர் அனைவரும் பாவிகளென உபதேசிப்போரும் அவர்களுள் உளர். இந்த ஆரவாரத்தைக் காணும் வன்னி விவசாயி நகைப்பான். நாமும் நகைக்கின்றோம்.

நமக்குச் சைக்கிள் பிழைப்புக்கு வந்த கருவி. 1990 முதல் 2002 வரை பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரும்பொருளாகிவிட்ட காலத்தில் நெல்மூட்டையையும் விறகையும் சுமந்தது அது. நோயாளியை வைத்தியசாலையிற் சேர்த்ததும் அதுவே. 2022இல் நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது கொழும்பு கற்ற பாடம், கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் பழம்பாடம்.

ஆயினும், நகைப்போடு நின்றுவிடுதல் நீதியாகாது. அந்தக் கோலத்தின் பின்னே நியாயமான கோரிக்கை ஒன்றுண்டு. வீதி எவருக்குரியது? நெதர்லாந்தின் சைக்கிள் பாதைகள் கண்ணீரிற் பிறந்தவை. 1971இல் அங்கே வீதி விபத்துகளில் மாண்டோர் 3,000 பேருக்கு மேல். அவர்களுள் 400 பேருக்கு மேல் சிறுவர். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்று பெற்றோர் கிளர்ந்தெழுந்தனர். 1973இன் எண்ணெய் நெருக்கடியும் அவர்களுக்குத் துணை நின்றது. அதன் பின்னரே ஆட்சியாளர் வழிவிட்டனர்.

போருக்குப் பின் ஏ-9 வீதி செப்பனிடப்பட்டது. அதை வரவேற்றோம். ஆனால், மாங்குளத்தையும் முறிகண்டியையும் கடந்து பறக்கும் பேருந்துகளின் அருகே, பால் கொண்டு செல்வோனும் பள்ளிச் சிறுமியும் உயிரைக் கையிற் பிடித்தபடி மிதித்துச் செல்கின்றனரே! செப்பனிட்ட வீதியில் அவர்களுக்குப் பங்கில்லையா?

பள்ளிக்கூடங்களும் சந்தைகளும் உள்ள இடங்களிலேனும் தனிப்பாதை அமைக்க வேண்டுமென வீதி அபிவிருத்தி அதிகார சபையைக் கேட்கின்றோம். உரிமை கேட்போருக்குக் கடமையும் உண்டு. இருளில் விளக்கின்றிச் செல்வதையும், மூவர் அணிவகுத்துப் பேசிக்கொண்டே வீதியை மறிப்பதையும் நம்மவர் கைவிட வேண்டும். சட்டம் பேருந்தை மட்டுமன்றி நம்மையும் கட்டுப்படுத்தும்.

நகரத்தாரின் கோலம் அவர்களோடு இருக்கட்டும். அவர்கள் கேட்கும் பாதையை நாமும் கேட்போம்; அவர்களினும் உரத்த குரலிற் கேட்போம்.