வாடகை வீட்டு முற்றத்தில் ஒரு மாதுளங்கன்று



வளைகுடா நாடுகளில் குடும்பத்தோடு வாழும் நம் சகோதரர்களிடம் வீட்டுத்தோட்டம் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும். "இது வாடகை வீடு, ஹஜ்ரத். விசா முடிந்தால் ஊர்போய்ச் சேரவேண்டியவர்கள் நாங்கள். இந்த மணலில் மரத்தை நட்டு யார் சாப்பிடப் போகிறார்கள்?" என்பார்கள். பதினைந்து ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருப்பவர்களும் இதையே சொல்கிறார்கள். முற்றமோ சிமெண்டுத் தரையும் வெறும் மணலுமாகவே கிடக்கிறது.

இந்த விடையில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு பிழையும் இருக்கிறது. பிழையை முதலில் பார்ப்போம்.

ஸல்மான் அல்ஃபாரிஸீ (ரலி) அவர்கள் அடிமைத்தளையிலிருந்து விடுதலைபெற எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தை நாம் பாடங்களில் பலமுறை சொல்லியிருக்கிறோம். நாற்பது ஊகியா பொன்னும், 300 பேரீச்சங்கன்றுகளை நட்டு வளர்த்துத் தருவதும் அந்த ஒப்பந்தத்தின் விலை. தோழர்கள் ஆளுக்கு இயன்ற கன்றுகளைக் கொண்டுவந்தனர். குழிகளைத் தோண்டியபின் நபி (ஸல்) அவர்களே வந்து தம் திருக்கரத்தால் கன்றுகளை நட்டார்கள். அவற்றுள் ஒன்றும் பட்டுப்போகவில்லை என்று ஸல்மான் (ரலி) அவர்களே அறிவிப்பது முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. அந்த 300 மரங்களும் யாருக்குச் சொந்தம்? அவரை அடிமையாக வைத்திருந்தவருக்கு. நட்டவர்களில் ஒருவருக்கும் அதன் கனியில் உரிமை இல்லை. இந்த வரலாற்றைச் சிறுவர்களுக்குக் கற்பித்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பி, "இது நம் மண் இல்லையே" என்று சொல்வது நமக்கே பொருத்தமாகப் படவில்லை.

மறுமை நாள் வந்துகொண்டிருக்கும் வேளையிலும் கையில் கன்று இருப்பவர் இயன்றால் அதை நட்டுவிடட்டும் என்ற கருத்துள்ள நபிமொழியை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கனி கிடைக்குமா என்ற கேள்விக்கே இடமில்லாத நேரம் அது. விசா முடிவது அதைவிடச் சிறிய செய்தி.

இனி அந்த விடையில் உள்ள நியாயத்திற்கு வருவோம். இதில் நாமே தவறு செய்தவர்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் குடியிருந்த வீட்டின் பின்புறத்தில், யாரிடமும் கேட்காமல், ஒரு முருங்கைப் போத்தை ஊன்றினோம். பாலை வெயிலுக்கு முருங்கை அஞ்சுவதில்லை. இரண்டே ஆண்டில் சுவருக்கு மேல் எழுந்தது. அண்டை வீட்டாருக்கெல்லாம் கீரை பறித்துக் கொடுத்து மகிழ்ந்தோம். மூன்றாம் ஆண்டு கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. தோண்டிப் பார்த்தால் குழாயின் இணைப்புக்குள் முருங்கையின் வேர் நுழைந்திருந்தது. வீட்டு உரிமையாளர் வந்து பார்த்தார். உரக்க ஒரு சொல்லும் பேசவில்லை. "நடுவதற்கு முன் என்னிடம் கேட்டிருக்கலாமே" என்று மட்டும் அரபியில் சொன்னார். குழாயைப் பழுதுபார்த்த செலவை நாம் ஏற்றோம். மரத்தையும் நம் கையாலேயே வெட்டினோம்.

பிறர் நிலத்தில் அத்துமீறி இறங்கிய வேருக்கு உரிமை இல்லை என்ற ஹதீஸை அபூதாவூதிலும் திர்மிதீயிலும் ஓதியவர்கள் நாம். ஓதியது அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. வாடகை கொடுப்பவருக்கு வீட்டில் வாழும் உரிமை உண்டு. உரிமையாளரின் அனுமதியின்றி அவரது நிலத்தில் மரம் நடும் உரிமை அதற்குள் அடங்காது. தொட்டிச் செடிகளைப் பொறுத்தவரை இந்தச் சிக்கல் இல்லை. தரையில் ஊன்றுவதானால் கேட்டுவிட்டு ஊன்ற வேண்டும். பலர் மகிழ்ச்சியோடு அனுமதிக்கிறார்கள் என்பது நாம் பின்னர் கண்டது. இரண்டாவது வீட்டில் கேட்டுவிட்டு மாதுளையும் அத்தியும் நட்டோம்.

தண்ணீரும் இதே கணக்கில் வரும். சில வீடுகளில் தண்ணீர்க் கட்டணம் வாடகையோடு சேர்ந்தது, செலுத்துபவர் உரிமையாளர். அப்படிப்பட்ட வீட்டில் நாள்தோறும் தோட்டத்துக்குக் குழாயைத் திறந்துவிடுவது அவரது பணத்தை அவருக்குத் தெரியாமல் செலவழிப்பதாகும். கட்டணம் நம்முடையதாக இருந்தாலும் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் நாம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி கடல்நீரை எரிபொருள் செலவழித்து உப்பு நீக்கியது. அதைக் கொண்டு புல்தரை வளர்க்கும் நம்மவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. புல்லை மனிதரும் உண்பதில்லை, அவர்கள் வீட்டில் ஆடும் இல்லை.

ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் உளூவில் வீண்விரயம் கூடாது என்ற அறிவிப்பை நாம் அடிக்கடி சொல்கிறோம். அதன் தொடரில் பலவீனம் இருப்பதாக ஹதீஸ் கலை அறிஞர்கள் குறிப்பிட்டுள்ளனர். அதையும் சேர்த்துச் சொல்வதே முறை. ஆனால் நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூ செய்தார்கள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள உறுதியான செய்தி. ஷாஃபிஈ கணக்கில் ஒரு முத்து என்பது முக்கால் லிட்டருக்கு அண்மையான அளவு. நம் வீட்டுக் குழாயில் ஒருவர் மூன்று லிட்டரே செலவழிக்கிறார் என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து பேருள்ள குடும்பத்தில் ஐந்து வேளைக்கு 75 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. ஓர் அகலமான பாத்திரத்தில் அதைப் பிடித்தால் சிறிய தோட்டத்துக்குப் பெரும்பாலும் அதுவே போதும். உளூவில் பயன்பட்ட நீர் தூய்மையானது. அதைக் கொண்டு மீண்டும் உளூ செய்ய இயலாது, அவ்வளவே. செடிக்கு ஊற்றுவதில் இரு மத்ஹபுகளிலும் தடை இல்லை. சோப்புக் கலந்த நீரை மட்டும் தவிர்க்கவும். குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீரையும் வாளியில் பிடிக்கலாம். அதில் உப்பு இராது. ஆனால் இயந்திரத்தின் தூசியும் உலோகமும் கலந்திருக்கக்கூடும் என்பதால் கீரைகளுக்கு ஊற்றாமல் மரங்களுக்கு மட்டும் ஊற்றுகிறோம்.

பாலையில் பயிரிடுவோர் முதலில் மறக்க வேண்டியது ஊர்க் காலண்டரை. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன நம் முன்னோர் காவிரியையும் பருவமழையையும் கண்டவர்கள். இங்கே ஆடி மாதத்தில் விதைத்தால் முளை மண்ணைத் தாண்டுமுன் கருகிவிடும். நமது முதல் ஆண்டு விதைகள் அவ்வாறே போயின. இங்கு விதைப்புக் காலம் செப்டம்பர் இறுதியில் தொடங்குகிறது. தக்காளி, கத்தரி, மிளகாய், கொத்தமல்லி, வெந்தயக்கீரை, முள்ளங்கி யாவும் குளிர்மாதங்களில் நன்றாக வருகின்றன. வெப்பம் 35 பாகையைக் கடந்தால் தக்காளிப் பூ காய்க்காமல் உதிர்ந்துவிடும். அதற்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் பயன் இல்லை. கோடையில் வெண்டை, காராமணி, பருப்புக்கீரை, பசலை ஆகியவை நிழல்வலையின் கீழ் தாக்குப்பிடிக்கின்றன. மாதுளை, அத்தி, எலுமிச்சை, இலந்தை ஆகிய மரங்கள் வேர்பிடித்தபின் வெயிலைத் தாங்கும்.

வெறும் மணலில் ஊற்றிய நீர் கண்ணெதிரே மறைந்துவிடும். மட்கிய உரத்தைக் கலந்து, மேலே காய்ந்த ஓலையையோ வைக்கோலையோ மூடாக்காகப் பரப்பினால்தான் ஈரம் நிற்கும். நாள்தோறும் மேலோட்டமாகத் தெளித்தால் நீர் ஆவியாகி, அதிலிருந்த உப்பு வெள்ளைப் படலமாக மண்மேல் தங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆழமாக நனைப்பது மேல். ஸுப்ஹுத் தொழுகை முடிந்த கையோடு ஊற்றுவதே சிறந்தது. கோடையின் நண்பகலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் நீர் கையைச் சுடும் சூட்டில் இருக்கும். அதை ஊற்றி நம் பிள்ளைகள் ஒரு புதினாத் தொட்டியையே அவித்துவிட்டார்கள்.

ஆட்டுப் புழுக்கையை உரமாக இடலாமா என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். ஷாஃபிஈ அறிஞர்கள் அதை நஜீஸ் என்று கொண்டாலும் உரமாகப் பயன்படுத்த அனுமதித்துள்ளனர். காயைக் கழுவிவிட்டு உண்ண வேண்டும். பத்து வெண்டைக்காய்க்கு ஸகாத் உண்டா என்று ஒரு சகோதரி கேட்டார். ஷாஃபிஈ மத்ஹபில் காய்கறிகளுக்கு ஸகாத் இல்லை. விளைச்சல் அனைத்திலும் கடமை என்று கூறும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மத்ஹபிலும் வீட்டு முற்றத்து மரத்துக்கு விலக்கு உண்டு. அவருடைய பேணுதலை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஊரிலிருந்து விதைகளைப் பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவருவதில் மட்டும் நம்மவர்களிடம் இத்தகைய பேணுதல் தென்படுவதில்லை. தாவர நலச் சான்று இல்லாமல் விதை கொண்டுவருவது இந்நாட்டு விதிகளுக்கு முரண். நல்ல விதைகள் இங்கேயே கிடைக்கின்றன.

இதனால் பணம் மிச்சமாகும் என்று நாம் யாருக்கும் வாக்குத் தரமாட்டோம். தொட்டி, மண், உரம், வலை ஆகியவற்றின் செலவைக் கூட்டினால் கடைத் தக்காளியே மலிவு. பிள்ளைகளுக்குக் கிடைத்ததை வைத்துத்தான் நாம் இதைப் பரிந்துரைக்கிறோம். பயிரில்லாத பள்ளத்தாக்கில் தம் குடும்பத்தைக் குடியமர்த்திவிட்டு, அவர்களுக்குக் கனிகளை வழங்குமாறு இப்ராஹீம் (அலை) அவர்கள் கேட்ட துஆவை இந்தப் பிள்ளைகள் சிறுவயதிலேயே மனனம் செய்துவிடுகிறார்கள். பயிர் என்றால் என்ன என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தக்காளி கடையின் குளிர்பெட்டியிலிருந்து வருவதாகவே நம்பிய ஒரு சிறுவன் நம் வகுப்பில் இருந்தான். அத்தி இலையைக் கையில் வைத்துக்கொண்டு சூரா அத்தீனை ஓதிய நாளில் அவன் கேட்ட கேள்விகளுக்கு அந்த மாலை முழுதும் போதவில்லை.

முதல் அத்திப்பழங்கள் பழுத்தபோது மைனாக்கள் முந்திக்கொண்டன. நம் மகள் அழுதாள். முஸ்லிம் ஒருவர் நட்டதிலிருந்து பறவையோ மனிதரோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற நபிமொழியைச் சொன்னோம். "அப்படியானால் நமக்கு எத்தனை பழம் மிஞ்சும்?" என்று கேட்டாள். மறுநாள் பாதி மரத்துக்கு வலை போட்டோம். மீதியை மைனாக்களுக்கு விட்டோம்.

அந்த வீட்டை நாம் சென்ற ஆண்டு காலிசெய்தோம். மாதுளை அப்போதுதான் இரண்டாம் முறை பூத்திருந்தது. புதிதாகக் குடிவந்த பெஷாவர் குடும்பத்தாரிடம் சாவியைக் கொடுத்தபோது, எந்தக் கிளையைக் கழிக்க வேண்டும், உளூத் தண்ணீர் வாளி எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் பாதி உருதுவிலும் பாதி சைகையிலும் சொல்லிவிட்டு வந்தோம்.

இப்போதைய வீட்டில் முற்றம் இல்லை. மேற்கு பார்த்த ஒரு மாடம் மட்டுமே. அங்கே வெந்தயக்கீரையும் மிளகாயும் ஆறு தொட்டிகளில் இருக்கின்றன. விதைப்புக் காலத்துக்கு இன்னும் மூன்று வாரங்கள் உள்ளன. தரையில் இடம் உள்ளவர்கள் இப்போதே மணலில் உரம் கலந்து நனைத்து வைக்கலாம். வீட்டு உரிமையாளரை அழைத்துப் பேசுவது அதற்கும் முன்னால் முடிய வேண்டிய வேலை.