மௌனம் மருந்தாகுமா?

பள்ளி ஆண்டு மலரில் இதைப் பற்றி எழுதலாமா என்று முதலில் தயங்கினேன். "எழுது, நான் பட்டது போதும்" என்று அம்மாவே சொன்னதால் எழுதுகிறேன்.

என் அம்மா வெளிர்நிறச் சேலை கட்டி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. திருவிழாவுக்கு எடுத்த சந்தன நிறச் சேலைகூடப் பெட்டியிலேயே கிடந்தது. மாதத்தில் பத்து நாள் இரத்தப்போக்கு; கட்டி கட்டியாகப் போகும்; மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பாட்டியிடம் சொன்னபோது, "பொம்பளைன்னா எல்லாம் இருக்கும், தாங்கிக்கணும்" என்றார். அம்மாவும் தாங்கினார். ஒரு ஞாயிறு திருப்பலியின்போது மயங்கி விழும் வரை தாங்கினார்.

பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7 கிராம்தான் இருந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாதாம். ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் ஃபைப்ராய்டு எனும் கட்டி தெரிந்தது. 'கட்டி' என்றதும் வீட்டில் அழுகை. ஆனால், தோழியரே, இது கர்ப்பப்பையின் தசையிலிருந்து வளரும் சாதாரணக் கட்டி. இது புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது. பலருக்கு இதனால் ஒரு தொந்தரவும் இல்லை; மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடும். ஆனால், உட்புறமாக நீட்டிக்கொண்டு வளரும் கட்டி சிறியதாயினும் இரத்தத்தை உறிஞ்சிவிடும்.

நாங்கள் முதலில் பார்த்த மருத்துவர், "இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களே, இனி கர்ப்பப்பை எதற்கு? எடுத்துவிடலாம்" என்றார். அப்பா தலையாட்டினார், பாட்டியும் தலையாட்டினார். அம்மாவை யாரும் கேட்கவில்லை!

அம்மா இன்னொரு டாக்டரம்மாவிடம் கேட்கலாம் என்றார். அவர் தாளில் படம் வரைந்து வழிகளை விளக்கினார். இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை, ஹார்மோன் மருந்துகள், கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம், கட்டிக்குச் செல்லும் இரத்தக் குழாயை அடைத்தல், கட்டியை மட்டும் அகற்றுதல், இறுதியாகக் கர்ப்பப்பையையே அகற்றுதல் என இத்தனை வழிகள்! அம்மாவுக்கு முதலில் இரும்புச்சத்து ஏற்றினார்கள். பிறகு வயிற்றைக் கிழிக்காமலே, கருவி வழியாகக் கட்டியை மட்டும் எடுத்தார்கள்.

கர்ப்பப்பையை எடுப்பதே தவறென்று நான் கூறவில்லை. சிலருக்கு அதுவே நல்ல வழி. ஆனால், அது அந்தப் பெண் அறிந்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். தேவையற்ற கர்ப்பப்பை அறுவைகளைத் தடுக்க மத்திய அரசு 2022-இல் நெறிமுறைகள் வகுத்தது. அவற்றை மூன்று மாதங்களுக்குள் மாநிலங்கள் ஏற்றுச் செயல்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது. நீதிமன்றமே சொல்ல வேண்டிய அளவுக்கு இக்குறை நாட்டில் இருந்திருக்கிறது அல்லவா?

முதற்குறை, நம் மௌனம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. இதற்குக் காரணங்கள் பல. சொல்லாமல் மறைக்கும் இரத்தப்போக்கும் அவற்றில் ஒன்று. மேலே சொன்ன மாத்திரையை 1962-இல் உலகுக்கு அறிவித்தவர்களில் ஒருவர் ஜப்பானியப் பெண் மருத்துவர் உட்டாகோ ஒகமோட்டோ. மருந்து வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், வாய் திறவாதவளுக்கு அதனால் என்ன பயன்?

பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய பெண்ணை நற்செய்தியில் நாம் அறிவோம். கூட்டத்தின் நடுவே நடுங்கி நின்று அவள் உண்மை முழுவதையும் சொன்னாள். இயேசு அவளைக் கடிந்துகொள்ளவில்லை, 'மகளே' என்றழைத்தார். அப்படியிருக்க, நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

எனவே, தோழியரே, ஏழு நாட்களுக்கு மேல் போனாலோ, மணிக்கொரு துணி மாற்ற நேர்ந்தாலோ, பெரிய கட்டிகளாகப் போனாலோ அம்மாவிடமோ ஆசிரியையிடமோ சொல்லுங்கள். இன்று மாலை வீட்டுக்குப் போனதும், "அம்மா, உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று நீங்களும் கேளுங்கள். தந்தையரே, அந்த விடையை நீங்களும் காதுகொடுத்துக் கேளுங்கள்.

சென்ற மாதம் என் அம்மா அந்தச் சந்தன நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தார்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி