கடலுக்கடியில் அறுந்த கேபிள்... 38 நாட்கள் தவித்த நாடு! டோங்காவில் நடந்தது என்ன?

பசிபிக் கடலில் இருக்கும் குட்டி நாடு டோங்கா. மக்கள்தொகை சுமார் 1 லட்சம்தான். 2022 ஜனவரி 15-ஆம் தேதி இந்த நாடு திடீரென உலகத்தோடு பேச முடியாமல் போனது. போன் இல்லை, இன்டர்நெட் இல்லை. காரணம், பக்கத்து நாடான ஃபிஜியோடு அதை இணைத்த ஒரே கடலடி கேபிள் அறுந்துபோனது.

கேபிள் அறுவது உலகத்தில் புதுசு இல்லை. ஆனா ஒரு நாடே ஏன் இப்படி முடங்கியது? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

கேபிளை அறுத்தது எது?

டோங்கா தலைநகர் நுகுஅலோஃபாவுக்கு வடக்கே சுமார் 65 கி.மீ. தொலைவில் கடலுக்குள் இருக்கும் ஹுங்கா டோங்கா எரிமலை அன்றைக்கு வெடித்துச் சிதறியது. சுனாமியும் வந்தது. மேலே போன சாம்பலும் பாறைத் துகள்களும் மறுபடி கடலில் விழுந்து, கடல் தரையில் வெள்ளம் போல ஓடின. அதன் வேகம் மணிக்கு 122 கி.மீ. வரை இருந்ததாக விஞ்ஞானிகள் பிறகு கணக்கிட்டார்கள்.

அந்த வழியில்தான் கேபிள் கிடந்தது. நுகுஅலோஃபாவில் இருந்து ஃபிஜியின் சுவா நகரம் வரை மொத்தம் 827 கி.மீ. நீளம். 2013-இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. டோங்காவின் டேட்டா இதன் வழியாக ஃபிஜிக்குப் போய், அங்கிருந்து பெரிய கேபிள்களில் ஏறி ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று போகும். முதல் கண்ணி அறுந்ததும் எல்லாமே நின்றுவிட்டது.

மக்களுக்கு என்ன ஆச்சு?

எத்தனை பேர் இறந்தார்கள், எந்தத் தீவு மிச்சம் இருக்கிறது என்றே முதல் சில நாட்கள் வெளியுலகத்துக்குத் தெரியவில்லை. நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் விமானம் அனுப்பி, மேலே இருந்து பார்த்துத்தான் நிலைமையைத் தெரிந்துகொண்டன. அந்த நாடுகளில் வேலை பார்க்கும் டோங்கா மக்கள், ஊரில் அப்பா அம்மா உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்தார்கள்.

இன்னொரு அடியும் விழுந்தது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள் அனுப்பும் பணத்தை நம்பித்தான் டோங்காவில் நிறைய குடும்பங்கள் ஓடுகின்றன. நாட்டின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டால், இந்தப் பணம் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். வீடு இழந்து பணம் அவசரமாகத் தேவைப்பட்ட நேரத்தில், பணம் வரும் வழியும் சிக்கலானது.

சேட்டிலைட் இருக்கே, அது போதாதா?

சில நாட்களில் சேட்டிலைட் மூலம் போன் பேச வழி கிடைத்தது உண்மைதான். ஆனா ஒரு கேபிள் தூக்கும் சுமையை அன்றைக்கு இருந்த சேட்டிலைட் வசதியால் தூக்க முடியவில்லை. உலகத்திலும் இதே கதைதான். கண்டம் விட்டுக் கண்டம் போகும் டேட்டாவில் கிட்டத்தட்ட எல்லாமே கடலடி கேபிளில்தான் போகிறது.

எப்படிச் சரி செய்தார்கள்?

கரையில் இருந்து கேபிளுக்குள் ஒளியை அனுப்புவார்கள். அது திரும்பி வரும் நேரத்தை வைத்து, எத்தனையாவது கிலோமீட்டரில் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். பிறகு கப்பலில் போய், கொக்கி போட்டு கேபிளை மேலே இழுத்து, தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி இழைகளை ஒவ்வொன்றாக ஒட்டுவார்கள்.

இந்த வேலைக்கான கப்பல் பப்புவா நியூ கினியில் இருந்து வர வேண்டியிருந்தது. வந்து பார்த்தால் கேபிள் பல இடங்களில் சேதம். 80 கி.மீ.க்கும் மேல் புதுக் கேபிள் போட்ட பிறகு, பிப்ரவரி 22-இல்தான் இணைப்பு திரும்பியது. அதாவது 38 நாட்கள். அதுவும் தலைநகர் இருக்கும் பெரிய தீவுக்குத்தான். வவாவு போன்ற வடக்குத் தீவுகளுக்குப் போகும் உள்நாட்டு கேபிள் சரியாக சுமார் ஒன்றரை வருஷம் ஆனது.

பின்லாந்தில் மட்டும் ஏன் பாதிப்பு இல்லை?

2024 நவம்பரில் பின்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் நடுவே பால்டிக் கடலில் கிடக்கும் சி-லயன்1 கேபிள் அறுந்தது. சதியா, விபத்தா என்று ஐரோப்பாவே பரபரப்பானது. ஆனா பின்லாந்து மக்களுக்கு இன்டர்நெட் நிற்கவில்லை. ஸ்வீடன் பக்கம் உட்பட வேறு வழிகள் இருந்ததால் டேட்டா அப்படித் திரும்பிவிட்டது. பத்து நாளில் கேபிளும் சரியானது.

உலகம் முழுக்க வருஷத்துக்கு 150 முதல் 200 கேபிள் பழுதுகள் நடக்கின்றன. பெரும்பாலும் காரணம் மீன்பிடி வலையும் கப்பல் நங்கூரமும்தான். நமக்குத் தெரியாமலே போவதற்குக் காரணம், மாற்று வழி இருப்பது.

அப்போ இன்னொரு கேபிள் போட வேண்டியதுதானே?

இங்கேதான் பணம் குறுக்கே வருகிறது. கடலில் கேபிள் போடும் செலவு தூரத்தைப் பொறுத்தது. கோடிப் பேர் பயன்படுத்தினாலும் லட்சம் பேர் பயன்படுத்தினாலும் 800 கி.மீ. என்பது 800 கி.மீ.தான். முதல் கேபிளையே உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி உதவியில்தான் டோங்கா போட்டது. 'எப்போதோ அறுந்தால் பார்த்துக்கலாம்' என்று இரண்டாவது கேபிளுக்கு எந்தத் தனியார் நிறுவனமும் எளிதில் முதலீடு செய்யாது.

இத்தனைக்கும் 2019 ஜனவரியிலேயே இதே கேபிள் அறுந்து, கிட்டத்தட்ட இரண்டு வாரம் டோங்கா தவித்தது. மூன்று வருஷம் கழித்து எரிமலை வெடித்தபோதும் இருந்தது அதே ஒரு கேபிள்தான்.

கேபிள் அறுவதை யாராலும் முழுசாகத் தடுக்க முடியாது. அறுந்தபோது பின்லாந்துக்கு வேறு வழி இருந்தது, டோங்காவுக்கு இல்லை. அந்த ஒரு வித்தியாசம்தான் 38 நாட்கள்.