நாய்க்கு வயித்தால போகுதா? வெந்தய டப்பாவைக் கொஞ்சம் கீழே வைங்க!

டிஸ்கி: நான் படிக்கிறது பி.காம். கால்நடை மருத்துவம் இல்லை. அதனால இதுல மருந்துச் சீட்டெல்லாம் கிடைக்காது. மூணு நாள்ல ஒரு நாய்க்குட்டி கண்ணு முன்னாடி கரைஞ்சு போனதைப் பார்த்தவனோட கோபம்தான் கிடைக்கும். பிடிக்காதவங்க இங்கேயே எஸ்கேப் ஆகிடலாம்.

போன வருஷம் ஐப்பசி மழையில, டீக்கடை பெஞ்சுக்கு அடியில நடுங்கிட்டு இருந்த குட்டியை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தேன். செவலை நிறம், நெத்தியில வெள்ளைப் பொட்டு, வயசு ரெண்டு மாசம் இருக்கும். மணின்னு பேரு வெச்சோம். தடுப்பூசி போடணும்னு எனக்குத் தெரியும். "மாசக் கடைசி, ஒண்ணாம் தேதிக்கு மேல பார்த்துக்கலாம்"னு தள்ளிப் போட்டதும் நான்தான். பத்தாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மணிக்கு வயித்தால போக ஆரம்பிச்சது.

உடனே வீட்டுல ஒரு மருத்துவ மாநாடு. அத்தை வெந்தயத்தைத் தயிர்ல ஊறவெச்சுக் கொண்டு வந்தாங்க. எதிர்வீட்டுத் தாத்தா மாதுளை ஓட்டை அரைச்சு மோர்ல குடுக்கச் சொன்னார். அம்மா, "பூண்டு தட்டிப் போட்டு ரசம் வெச்சு, சாதத்தைக் கரைச்சு ஊத்துடா, எந்த வயிறும் கேட்கும்"னாங்க. நான் என் பங்குக்கு ஒரு வீடியோ பார்த்துட்டு கொய்யா இலைக் கஷாயம் காய்ச்சினேன். சனிக்கிழமை வாந்தியும் சேர்ந்துக்கிச்சு. "பித்தம் வெளிய வருது, நல்லதுதான்"னு ஒருத்தர் ஆறுதல் சொன்னார். ஞாயித்துக்கிழமை ரத்தமா போச்சு. திங்கட்கிழமை காலையில டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினேன். டெஸ்ட் கிட்டுல ரெண்டு கோடு. பார்வோ வைரஸ். டிரிப்ஸ் ஏத்தினார். "வெள்ளிக்கிழமையே வந்திருந்தா நல்ல வாய்ப்பு இருந்திருக்கும் தம்பி"ன்னார். அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு மணி போயிடுச்சு.

சோகக் கதை போதும். மேட்டருக்கு வர்றேன்.

மணி செத்ததுக்கப்புறமும் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னாங்க. "எங்க வீட்டு நாய்க்கு இதே வைத்தியம்தான் செஞ்சோம், ரெண்டே நாள்ல எழுந்து ஓடுச்சு." யாரும் பொய் சொல்லலை. ஆனா கணக்கு தப்பு. வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்கு வர்ற வயிற்றுப்போக்குல பெரும்பாலானது குப்பையைத் தின்னதாலயோ, சாப்பாடு மாறினதாலயோ வர்றது. அது ரெண்டு மூணு நாள்ல தானாவே நிக்கும். நீங்க வெந்தயம் குடுத்தாலும் நிக்கும், குடுக்காட்டியும் நிக்கும், வாசல்ல கற்பூரம் ஏத்தினாலும் நிக்கும் :) மூணாம் நாள் நின்னதும் பேரு மட்டும் வெந்தயத்துக்குப் போயிடுது.

பி.காம் முதல் வருஷம் முதல் பாடம்: ஒவ்வொரு பற்றுக்கும் சமமா ஒரு வரவு இருக்கணும். நம்ம வீட்டு வைத்தியக் கணக்குல வரவுப் பக்கம் மட்டும்தான் எழுதறோம். பிழைச்ச நாயோட கதை மூணு தெருவுக்குப் பரவுது, வாட்ஸ்அப்ல சுத்துது. செத்த குட்டியோட கதை "அதோட விதி"ன்னு முருங்கை மரத்தடியில குழி வெட்டி மூடப்படுது. இந்த லெட்ஜரை எந்த ஆடிட்டர்கிட்ட காட்டினாலும் மூஞ்சியில விட்டெறிவார்.

"எங்க தாத்தா காலத்துல நாய்க்கெல்லாம் டாக்டரா பார்த்தாங்க?" அடுத்த கேள்வி இது, ரெடியா வரும். உங்க தாத்தா இளைஞரா இருந்தப்போ நாய்களுக்கு இந்தப் பார்வோ நோயே கிடையாது சாமி! 1978 வாக்கிலதான் இதைக் கண்டுபிடிச்சாங்க. ரெண்டு மூணு வருஷத்துல உலகம் முழுக்கப் பரவிடுச்சு. இல்லாத நோய்க்குத் தாத்தா எப்படி மருந்து கண்டுபிடிச்சிருப்பார்? இன்னொண்ணு, தாத்தா காலத்துல தெரு நாய் எட்டு குட்டி போட்டா எத்தனை வளர்ந்துச்சுன்னு யாராவது எண்ணினாங்களா?

இந்த வைரஸ் என்ன பண்ணும்னு டாக்டர் சொன்னப்போதான் எனக்கு உறைச்சது. குடலோட உள்சுவர்ல வேகமா வளர்ற செல்களை அழிக்கும். எலும்பு மஜ்ஜையையும் தாக்கி வெள்ளை அணுக்களைக் குறைக்கும். குடல் சுவர் உதிர்ந்ததும் தண்ணியும் உப்பும் வெளியேறும், கிருமி ரத்தத்துக்குள்ள இறங்கும். வைரஸை நேரடியா கொல்ற சாதாரண மாத்திரை எதுவும் டாக்டர்கிட்டயும் இல்லை. அவர் செய்யறது நரம்பு வழியா திரவம், வாந்தி நிக்க ஊசி, கிருமி பரவாம ஆன்டிபயாடிக். உடம்பு தானா சண்டை போட்டு ஜெயிக்கிற வரைக்கும் உயிரைப் பிடிச்சு வெக்கிற வேலை. சீக்கிரம் ஆரம்பிச்சா பெரும்பாலான குட்டிகள் பிழைக்குது. எதுவுமே செய்யாம விட்டா பத்துல ஒண்ணு பிழைக்கிறதே அபூர்வம். வாந்தி எடுக்கிற குட்டிக்குக் கஷாயத்தை ஊத்தினா அது வயித்துல நிக்காது. வலுக்கட்டாயமா வாயைத் திறந்து ஊத்தினா நுரையீரலுக்குள்ள போகும். நான் அதையும் செஞ்சேன்.

ரசத்துக்கு வருவோம். நமக்கு அமிர்தம். நாய்க்கு? பூண்டும் வெங்காயமும் நாயோட ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்னு ரொம்ப நாளாவே தெரியும். அதுக்குக் காரணம் டார்டாரிக் அமிலமா இருக்கலாம்னு 2021ல அமெரிக்காவுல விலங்கு நச்சு மருத்துவர்கள் எழுதினாங்க. அதே அமிலம் நிறைய இருக்கிற இன்னொரு பொருள் எது தெரியுமா? நம்ம புளி! ஒரு வாய் ரசத்துல நாய் செத்துடும்னு சொல்ல வரலை. ஏற்கனவே தண்ணி வத்தி, சிறுநீரகம் தவிக்கிற குட்டிக்கு 'இயற்கை மருந்து'ன்னு இதை ஊத்தறது என்ன நியாயம்? இயற்கைன்னா கெடுதல் பண்ணாதுன்னு யார் சொன்னது? அரளிக்காயும் இயற்கைதான். அந்தப் பார்வோ வைரஸும் இயற்கைதான்.

மெடிக்கல் ஷாப் கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை. மனுஷனுக்குப் போடற வயித்துப்போக்கு மாத்திரையையும் காய்ச்சல் மாத்திரையையும் பாதியா உடைச்சுக் குடுக்கறதும் இதே மடத்தனம்தான். ஒவ்வொரு சாதாரண பேதிக்கும் கண்ணை மூடிட்டு ஆன்டிபயாடிக் எழுதற டாக்டர்களையும் நான் தூக்கிப் பிடிக்கலை. தெம்பா இருக்கிற நாய்க்கு வர்ற லேசான பேதிக்குப் பெரும்பாலும் அது தேவையில்லைன்னு இப்போ ஆராய்ச்சிகளே சொல்லுது.

அப்ப வீட்டு வைத்தியமே கூடாதா? கூடும். உலகத்துலேயே பெரிய வீட்டு வைத்தியம் ஓ.ஆர்.எஸ் தண்ணி. 1971ல வங்கதேச அகதிகள் முகாம்ல காலரா பரவி, டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்து போனப்போ, திலீப் மஹலனாபிஸ்ங்கிற டாக்டர் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் கலந்த தண்ணியை டிரம்ல நிரப்பிக் குடுக்க வெச்சார். 30 சதவீதத்தை ஒட்டி இருந்த சாவு 4 சதவீதத்துக்குக் கீழே வந்தது. எல்லாமே மலிவான, சாதாரணப் பொருள். ஆனா அளந்து கலந்தாங்க, பிழைச்சவங்களையும் செத்தவங்களையும் சேர்த்து எண்ணினாங்க. ரெண்டு பக்கமும் எழுதின லெட்ஜர் அது.

அந்த மாதிரி நாய்க்கும் உருப்படியா செய்யக் கூடியது இருக்கு. ஊசியெல்லாம் போட்ட, வளர்ந்த நாய், வாலாட்டிட்டுத் தெம்பா இருக்குன்னா: நிறைய தண்ணி வைங்க. குழைய வேகவெச்ச சாதத்தோட எலும்பும் தோலும் இல்லாத வேகவெச்ச கோழியை, உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாம, கொஞ்சம் கொஞ்சமா நாலஞ்சு வேளையா குடுங்க. வேகவெச்ச பறங்கிக்காய் ஒரு ஸ்பூன் சேர்க்கலாம். பால் வேண்டாம். நின்னதும் மூணு நாலு நாள்ல மெதுவா பழைய சாப்பாட்டுக்கு மாத்துங்க. அவ்ளோதான்.

ஆனா இதுல ஒண்ணு இருந்தாலும் அடுப்பை அணைச்சுட்டுக் கிளம்புங்க:

- குட்டி நாய், அல்லது ஊசி போடாத நாய்
- ரத்தம், இல்லைன்னா தார் மாதிரி கறுப்பா போறது
- கூடவே வாந்தி
- தண்ணி குடிக்காம சுருண்டு படுக்கறது
- ஈறு வெளுத்துப் போறது (விரலால அழுத்தி எடுத்தா ரெண்டு செகண்டுக்குள்ள சிவப்பு திரும்பணும்)
- வளர்ந்த நாய்க்கு ரெண்டு நாளாகியும் நிக்காம இருக்கறது

"காசு?" நியாயமான கேள்வி. நானும் மாசம் முழுக்க பஸ் பாஸ்ல ஓட்டறவன்தான். அரசு கால்நடை மருந்தகம்னு ஒண்ணு பக்கத்துலேயே இருக்கும், முதல்ல அங்க போங்க. சென்னைக்காரங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903லேர்ந்து இருக்கு. அதைவிட மலிவு தடுப்பூசி. 6லேர்ந்து 8 வாரத்துக்குள்ள ஆரம்பிச்சு, மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் ஆகற வரைக்கும். எங்க ஊரு தனியார் கிளினிக்ல ஒரு ஊசி 500 ரூபாய் சொச்சம். மணிக்கு அந்த ஒரு நாள்ல மட்டும் நான் குடுத்தது 3,200. லாப நஷ்டக் கணக்கு எழுதத் தெரிஞ்ச ஒருத்தன் வீட்டுலதான் இது நடந்துச்சு.

மணி போன அடுத்த வாரமே வேற குட்டி எடுத்துட்டு வரலாம்னு அம்மா கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன். இந்த வைரஸ் தரையிலயும் மண்ணுலயும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும், பினாயிலுக்கெல்லாம் சாகாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணி கலந்து வீடு முழுக்கக் கழுவினோம். முற்றத்து மண்ணை என்ன பண்றது? இனி ஊசி எல்லாம் முடிச்ச நாய்தான் அந்த வாசப்படியைத் தாண்டும்.

அத்தை மேலயும் தாத்தா மேலயும் எனக்குக் கோபம் இல்லை. அவங்க பாசத்துல சொன்னாங்க. மூணு நாளும் பாக்கெட்டுல போனை வெச்சுக்கிட்டு, டாக்டர் நம்பரைத் தேடாம கஷாயம் வீடியோ தேடினவன் மேலதான் கோபம்.

இதைப் படிச்சு முடிச்சதும் உங்க வீட்டு நாயோட தடுப்பூசி அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்க. அட்டையே இல்லையா? நாளைக்கு ரெண்டு பீரியடு கட் அடிச்சாலும் பரவாயில்லை, கூட்டிட்டுப் போங்க. அட்டெண்டன்ஸை அப்புறம் சமாளிச்சுக்கலாம்.