இண்டக்ஷனா, கேஸா? அடுப்புக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி கரண்ட் பில்லை எடுங்க



"இண்டக்ஷன் வாங்கினா காசு மிச்சம்"னு ஒரு ரீல் சொல்லுது. "கரண்ட் பில் எகிறிடும், கேஸ்தான் சீப்"னு அடுத்த ரீல் சொல்லுது. எந்த வீட்டுக்குன்னு ரெண்டு பேருமே சொல்றதில்லை. என் கருத்து இதுதான்: உங்க ரெண்டு மாச கரண்ட் பில்லில் கடைசி யூனிட் எந்த ஸ்லாபில் விழுதோ, அதுதான் இந்தக் கேள்விக்குப் பதில்.

முதல்ல ஒரு சிலிண்டரை யூனிட்டா மாத்துவோம். 14.2 கிலோ கேஸில் கிட்டத்தட்ட 180 யூனிட் அளவுக்கு வெப்பம் இருக்கு. அதில் மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குப் போகும். மீதி பக்கவாட்டில் போய் சமையலறையைச் சூடாக்கும். இண்டக்ஷனில் சுமார் 85 சதவீதம் பாத்திரத்துக்கே போயிடும். ஆக, ஒரு சிலிண்டர் செய்யிற வேலையை இண்டக்ஷன் சுமார் 140 யூனிட்டில் முடிச்சிடும்.

2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறின பிறகு சென்னையில் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசா இருந்தது. கணக்குக்கு 870னு வைப்போம். 140ஆல் வகுத்தா 6 ரூபாய் 20 காசு. உங்களுக்கு அடுத்து வரப்போற யூனிட் இதைவிடக் குறைவா இருந்தா இண்டக்ஷன் லாபம், அதிகமா இருந்தா கேஸ் லாபம். விலை மாறினாலும் ஃபார்முலா மாறாது. உங்க ஊர் சிலிண்டர் விலையை 140ஆல் வகுங்க, அவ்வளவுதான்.

இப்போ ரெண்டு வீட்டைப் பார்ப்போம்.

முதல் வீடு ஏலாக்குறிச்சியில். அப்பா, அம்மா மட்டும். ஃபேன், டிவி, ஃபிரிட்ஜ். ரெண்டு மாசத்துக்கு 150 யூனிட்னு வைங்க. 2016ல இருந்து முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலை கட்டணப்படி 101லிருந்து 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 400 வரை ஏறக்குறைய நாலே முக்கால். இந்த வீட்டில் 140 யூனிட் சேர்த்தா மொத்தம் 290. பில்லில் கூடுறது சுமார் 550 ரூபாய். மிச்சமாகிறது 870 ரூபாய் சிலிண்டர். சிலிண்டருக்கு 320 ரூபாய் லாபம்.

ரெண்டாவது வீடு சென்னையில். அதே அப்பா அம்மாவோட பையன், சாஃப்ட்வேர் வேலை, ஏசி ஓடுது. ரெண்டு மாசத்துக்கு 450 யூனிட். 140 சேர்த்தா 590. 500 வரை யூனிட் ஆறரைக்குப் பக்கம், அதுக்கு மேல எட்டரைக்குப் பக்கம். அதோட 500ஐத் தாண்டின உடனே அந்த 2 ரூபாய் 35 காசு சலுகையும் போயிடும். அதில் மட்டும் 235 ரூபாய் அடி. வருமான வரியில் 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டினா மார்ஜினல் ரிலீஃப் உண்டு. கரண்ட் பில்லில் அது கிடையாது. மொத்தத்தில் பில்லில் 1,300 ரூபாய்க்கு மேல கூடும். 870 ரூபாயை மிச்சம் பிடிக்க 1,300 கொடுக்கிறோம்!

ஆனா நடைமுறையில் நாம என்ன பண்றோம்? சென்னை ஃபிளாட்டுக்கு இண்டக்ஷன் வாங்குறோம், "அம்மாவுக்குப் பழக்கம் இல்லை"னு ஊரில் கேஸையே விட்டுடுறோம். கணக்கு நேர் எதிரா இருக்கு. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இண்டக்ஷனை அம்மாவுக்கு வாங்கிட்டுப் போங்க. பழக ஒரு வாரம் போதும்.

சில விஷயங்களையும் சேர்த்துப் பாருங்க.

வாடகை வீடா? ஓனர் சப்-மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு 8, 10 ரூபாய்னு வாங்கினா, 100 யூனிட் இலவசம் உங்க கைக்கு வராது. அங்க முழுச் சமையலும் இண்டக்ஷன்னா நஷ்டம்தான். தனியா இருந்து, எப்பவாவது பாலும் முட்டையும் நூடுல்ஸும் செய்யிறவங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அதுக்காக 2,200 ரூபாய் டெபாசிட் கட்டி கனெக்‌ஷன் எடுக்க வேண்டாம். அந்த டெபாசிட் திரும்பக் கிடைக்கிற பணம்தான், ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை வீடு மாறுறவங்களுக்கு அந்த அலைச்சலும் ஒரு செலவு.

ஊரில் உஜ்வாலா கனெக்‌ஷனா? 300 ரூபாய் மானியம் போக சிலிண்டர் 570. 140ஆல் வகுத்தா 4 ரூபாய் சொச்சம். அங்க மொத்தம் 200 யூனிட் வரைக்கும் இண்டக்ஷன், அதுக்கு மேல கேஸ்.

அடுப்போட விலையில் கணக்கை நிறுத்தாதீங்க. அலுமினியப் பாத்திரமும் மண்சட்டியும் சாதாரண இண்டக்ஷனில் சூடாகாது. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினாத்தான் வேலை செய்யும். இரும்பு தோசைக்கல்லுக்குப் பிரச்சினை இல்லை, ஆனா அடி தட்டையா இருக்கணும். பழைய வீட்டில் 5 ஆம்பியர் பிளக்கில் 2,000 வாட்ஸ் அடுப்பைச் சொருகாதீங்க. எலக்ட்ரீஷியனை வெச்சு 15 ஆம்பியர் பாயின்ட் போடணும். அடுப்பு, ரெண்டு பாத்திரம், வயரிங் எல்லாம் சேர்த்து 4,500 ஆச்சுன்னு வைங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு சிலிண்டர் ஆகிற முதல் வீட்டில் வருஷத்துக்கு 1,900 ரூபாய் மிச்சம். போட்ட காசு திரும்ப ரெண்டரை வருஷம் ஆகும். இது பணக்காரன் ஆகிற வழி கிடையாது. நல்ல சிக்கனம், அவ்வளவுதான். அதனால இஎம்ஐயில் வாங்காதீங்க.

கேஸ் கனெக்‌ஷனை சரண்டர் பண்ணாதீங்க. கரண்ட் போனா என்ன பண்றது? அடைக்கல மாதா கோவில் திருவிழாவுக்குச் சொந்தக்காரங்க பத்துப் பேர் வந்து இறங்கினா ஒத்தை இண்டக்ஷன் தாங்காது. சென்னைக்காரங்களும் ரெண்டையும் வெச்சுக்கலாம்: ஏசி ஓடுற மாசங்களில் கேஸ், மழைக்காலத்தில் பில் 250க்குக் கீழ இறங்கினா இண்டக்ஷன்.

இன்னைக்கு ராத்திரி ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. கடைசி ஆறு கரண்ட் பில்லை எடுத்து ஒவ்வொண்ணுலயும் 140 கூட்டுங்க. 400ஐத் தாண்டலைன்னா தைரியமா வாங்கலாம். 500ஐத் தாண்டுதுன்னா அந்தக் காசை எஸ்ஐபியில் போடுங்க. அப்படியே அம்மாவுக்கு ஃபோன் பண்ணி ஊர் பில்லையும் கேளுங்க.