பழைய பதிப்பையும் விட்டுவையுங்கள்

கைப்பேசியோ கணினியோ, திரையைத் திறந்தாலே 'புதுப்பிக்கவும்' என்ற சொல் கண்ணில் படுகிறது. பெரும்பாலும் நாம் யோசிக்காமல் அதை அழுத்திவிடுகிறோம். புதியது என்றால் மேலானது என்று பழகிவிட்டோம். ஆனால், கணினி விளையாட்டு உலகில் பலர் இதற்கு நேர்மாறாக நடக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டின் பழைய பதிப்பைத் தேடி எடுத்து, அதில் 'மோட்' நிறுவி விளையாடுகிறார்கள்.

'மோட்' என்பது விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் அல்லாமல், விளையாடுபவர்களே எழுதிச் சேர்க்கும் மாற்றம். புதிய கதைமாந்தர், புதிய கருவிகள், புதிய வரைபடம், சில நேரங்களில் முற்றிலும் புதிய விளையாட்டு என்று அது எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலான மோட்கள் இலவசம். அவற்றை எழுதுபவர்களில் நம் வயதினர் பலர்.

மார்சிலிங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு புளோக் தள்ளி வசிக்கும் என் சித்தி மகனுக்கு வயது 14. அவன் விளையாடும் மைன்கிராஃப்ட் 1.12.2 பதிப்பு, 2017 செப்டம்பரில் வெளிவந்தது. அப்போது அவன் பாலர் பள்ளியில் இருந்தான். "புதுசு சும்மாவே கிடைக்கும்போது இந்தப் பழசை ஏன்டா கட்டிக்கிட்டு அழுற?" என்று சித்தி அவனைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்குச் சரியான பதில் சொன்னால், நாம் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் உண்மையில் யாருக்குச் சொந்தம் என்ற பெரிய கேள்வியில் போய் நிற்போம்.

முதலில் சித்திக்கான பதில். மோட் என்பது விளையாட்டின் உள்ளமைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது. உள்ளே ஒரு பெயரோ எண்ணோ மாறினாலும் மோட் வேலை செய்யாமல் போகலாம். 2018 ஜூலையில் வந்த மைன்கிராஃப்ட் 1.13 பதிப்பில், ஒவ்வொரு கட்டைக்கும் பொருளுக்கும் இருந்த எண் அடையாளங்கள் நீக்கப்பட்டுப் பெயர் அடையாளங்கள் வந்தன. விளையாட்டுக்கு அது நல்ல மாற்றம். ஆனால், அதுவரை எழுதப்பட்ட மோட்களைப் பெருமளவு திருத்தி எழுத வேண்டியிருந்தது. சம்பளம் வாங்காமல் ஓய்வு நேரத்தில் எழுதியவர்கள் பலர் அதற்குள் படிப்பு, வேலை என்று நகர்ந்துவிட்டார்கள். மந்திர ஆராய்ச்சியை மையமாகக் கொண்ட 'தாம்கிராஃப்ட்' என்ற புகழ்பெற்ற மோட் 1.12.2 பதிப்போடு நின்றுவிட்டது. அதை விளையாட வேண்டுமென்றால் பழைய பதிப்புக்குத்தான் போக வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. சித்தி மகனிடம் இருப்பது பல ஆண்டுகள் பழைய மடிக்கணினி. புதிய பதிப்பில் திணறும் அந்தக் கணினி, பழைய பதிப்பில் மூச்சு வாங்காமல் ஓடுகிறது. புதுப்பிப்பு இலவசமாக வரலாம். அதைத் தாங்கும் கணினி இலவசமாக வருவதில்லை.

அடுத்து, பெற்றோர் கண்ணில் படாத ஒரு பயன். 2021 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எல்லாரிடமும் தனிப்பட்ட கற்றல் சாதனம் இருக்கிறது. அது நல்ல திட்டம். ஆனால், அதில் நிர்வாகச் செயலி இருப்பதால் மாணவர் தம் விருப்பப்படி எதையும் நிறுவிவிட முடியாது. பள்ளிச் சாதனத்துக்கு அது தேவையான கட்டுப்பாடுதான். கைப்பேசியோ தன் கோப்புகளைக் காட்டவே காட்டாது. அப்படியானால் கணினியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஓர் இளையர் எங்கே கற்றுக்கொள்வார்?

பழைய பதிப்பில் மோட் நிறுவிப் பாருங்கள். 1.12.2 பதிப்பில் 'ஃபோர்ஜ்' வழியாக மோட்களை இயக்க ஜாவா 8 வேண்டும், 1.18 பதிப்புக்கோ ஜாவா 17 வேண்டும். ஒரே கணினியில் இரண்டையும் குழப்பமில்லாமல் வைத்திருக்கத் தெரிய வேண்டும். ஒரு மோட் இன்னொரு மோட்டைச் சார்ந்திருக்கும். அது எந்தப் பதிப்பு என்று படித்துப் பார்க்க வேண்டும். விளையாட்டு திறக்காமல் நின்றுபோனால், அது எழுதி வைக்கும் பிழைக் குறிப்பைப் பொறுமையாகப் படித்து, எந்த வரியில் சிக்கல் என்று கண்டுபிடிக்க வேண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் கணினி படிக்கும் நண்பர்களைக் கேளுங்கள். வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போகிறது என்பார்கள். பதினான்கு வயதில், யாரும் மதிப்பெண் தராமலேயே, ஒருவன் இதைப் பழகிக்கொள்கிறான் என்றால் அது வீண் வேலையா?

இனி பெரிய கேள்விக்கு வருவோம். அதற்கு நம் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2022 அக்டோபரில் 'டோட்டா 2' விளையாட்டின் உலகப் போட்டியான 'தி இன்டர்நேஷனல்' சிங்கப்பூரில் நடந்தது. தென்கிழக்காசியாவில் அது நடந்தது அதுவே முதன்முறை. இறுதிச் சுற்று உள்ளரங்க விளையாட்டரங்கில் நடந்தது. அந்த டோட்டாவின் பிறப்பு ஒரு மோட்தான். பிளிஸார்ட் நிறுவனம் 2002இல் வெளியிட்ட 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டுக்கு, அதன் ரசிகர்கள் உருவாக்கிய வரைபடக் கோப்பு அது. நமக்கு முந்திய தலைமுறை லேன் கடைகளில் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஆடியது அதைத்தான். பிறகு, 2009இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட கரீனா நிறுவனத்தின் தளத்தின் வழியாக வீட்டிலிருந்தே ஆடினார்கள். அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஆட்டத்தில் சேரும் அனைவரிடமும் வார்கிராஃப்ட் 3இன் ஒரே பதிப்பும் டோட்டாவின் ஒரே பதிப்பும் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் புதுப்பித்துவிட்டால் அவர் ஆட்டத்தில் சேர முடியாது. ஆகவே, எந்தப் பதிப்பில் நிற்பது, எப்போது மாறுவது என்று விளையாடுபவர்களே கூடிப் பேசி முடிவெடுத்தார்கள்.

2020 ஜனவரி 28ஆம் தேதி அந்த உரிமை பெருமளவு கைவிட்டுப் போனது. அன்று 'வார்கிராஃப்ட் 3: ரீஃபோர்ஜ்ட்' என்ற புதுப்பித்த பதிப்பு வெளிவந்தது. அதை வாங்காமல், பழைய விளையாட்டை மட்டும் வைத்திருந்தவர்களும் நிறுவனத்தின் இணையத் தளத்தில் ஆட வேண்டுமானால் புதிய செயலிக்கே மாற வேண்டியிருந்தது. முன்பு இருந்த தரவரிசைப் பட்டியல், ரசிகர்கள் உருவாக்கிய தொடர்கதை ஆட்டங்கள் போன்ற வசதிகள் வெளியீட்டின்போது அதில் இல்லை. மேலும், அந்த விளையாட்டைக் கொண்டு ரசிகர்கள் உருவாக்கும் ஆட்டங்கள் நிறுவனத்துக்கே சொந்தம் என்று விதியும் எழுதப்பட்டிருந்தது. எதிர்ப்பு வலுத்தபின் பணத்தைத் திருப்பித் தர நிறுவனம் முன்வந்தது. ஆனால், வேண்டியவர்களுக்குப் பழைய பதிப்பே தேவைப்பட்டது; பணம் அல்ல.

நான்கு ஆண்டுகள் கழித்து இன்னொரு கதை. 'ஃபால்அவுட் 4' விளையாட்டில் இலண்டன் நகரத்தையே உருவாக்கும் பெரிய மோட் ஒன்றைத் தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்துச் செய்தார்கள். 'ஃபால்அவுட்: லண்டன்' என்ற அந்த மோட் 2024 ஏப்ரல் 23ஆம் தேதி வருவதாக இருந்தது. அதற்கு இரண்டே நாளில், ஏப்ரல் 25ஆம் தேதி, மூல விளையாட்டுக்குப் பெரிய புதுப்பிப்பு வருமென்று அறிவிக்கப்பட்டது. வந்தால் மோட் உடைந்துபோகும் நிலை. வெளியீட்டைத் தள்ளிவைத்தார்கள். கடைசியில் ஜூலை 25ஆம் தேதி மோட் வெளிவந்தபோது, விளையாட்டை முந்திய பதிப்புக்குத் திருப்பிக் கொண்டுபோகும் வழியையும் சேர்த்தே கொடுத்தார்கள். முன்னே போவதற்குப் பின்னே போக வேண்டியிருந்தது.

இதற்கு நிறுவனங்கள் சொல்லும் பதிலையும் கேட்க வேண்டும். பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கும். எல்லாப் பதிப்புகளையும் காலமெல்லாம் பராமரிக்க முடியாது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'லாக்4ஜே' என்ற மென்பொருள் கூறில் ஆபத்தான ஓட்டை இருப்பது தெரியவந்தது. உரையாடல் பெட்டியில் ஒரு வரி தட்டச்சு செய்தே பிறர் கணினிக்குள் நுழையக்கூடிய ஓட்டை அது. மைன்கிராஃப்ட்டின் 1.7 முதல் 1.18 வரையிலான பதிப்புகள் அதனால் பாதிக்கப்பட்டன. 2023 ஜூனில் வேறொரு சிக்கல். மோட்கள் பகிரப்படும் முக்கியத் தளங்களில் சில எழுத்தாளர்களின் கணக்குகள் களவாடப்பட்டு, அவர்களின் மோட்களுக்குள் கடவுச்சொல் திருடும் நிரல் நுழைக்கப்பட்டது. பழையது என்பதாலேயே எதுவும் புனிதமாகிவிடாது.

ஆனால், லாக்4ஜே கதையில் அடுத்து நடந்ததையும் பாருங்கள். மோஜாங் நிறுவனம் 1.18.1 பதிப்பை வெளியிட்டதோடு நிற்கவில்லை. பழைய பதிப்புகளில் விளையாடுபவர்களுக்கும் தீர்வு கொடுத்தது. எந்தப் பதிப்பில் சேவையகம் நடத்துபவர் என்ன செய்ய வேண்டும் என்று தனித்தனியாக விளக்கியது. எல்லாரையும் புதிய பதிப்புக்கு விரட்டவில்லை. இன்றும் மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பின் அதிகாரபூர்வச் செயலியில், பத்தாண்டுக்கு முந்திய பதிப்பைக்கூடத் தேர்ந்தெடுத்து விளையாடலாம். அதனால் புதிய பதிப்பை விரும்புவோர் குறைந்துவிடவில்லை. பாதுகாப்பையும் தெரிவுரிமையையும் சேர்த்தே கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எனவே, நாம் கேட்பது பெரிய சலுகை அல்ல. காலமெல்லாம் பராமரிக்கச் சொல்லவில்லை. பெரிய புதுப்பிப்பு வருவதை முன்கூட்டியே சொல்லுங்கள். விற்ற பதிப்பைப் பட்டியலில் ஓர் ஓரமாக விட்டுவையுங்கள். ஆபத்து இருந்தால் எச்சரியுங்கள். முடிவை எங்களிடம் விடுங்கள். 'ஸ்டீம்' தளத்தில்கூட, நிறுவனம் மனம் வைத்தால் விளையாடுபவர் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. தொழில்நுட்பம் தடையல்ல, மனம்தான் வேண்டும்.

பழைய பதிப்பைப் பாதுகாப்பது நம் நாட்டுக்கும் புதிதல்ல. 2019 முதல், 'டாட் எஸ்ஜி' என்று முடியும் இணையத் தளங்களைத் தேசிய நூலக வாரியம் சட்டப்படி திரட்டிச் சேமித்து வருகிறது. தளம் புதிய தோற்றத்துக்கு மாறினாலும் அது நேற்று எப்படி இருந்தது என்பதற்கு மதிப்பு உண்டு என்பதே அதன் பொருள். பல இலட்சம் பேர் தங்கள் பதின்ம வயதைக் கழித்த விளையாட்டுகளுக்கும் அந்த மதிப்பு உண்டு.

நம் பங்குக்கும் சில பழக்கங்கள் வேண்டும். பழைய பதிப்பு வேறு, திருட்டுப் பதிப்பு வேறு. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டின் பழைய பதிப்பை அதிகாரபூர்வ வழியில் எடுங்கள். பதிப்பு மாறும் முன், சேமித்து வைத்த உலகத்தை வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். புதிய பதிப்பில் திறந்த உலகத்தைப் பழைய பதிப்புக்குப் பழுதில்லாமல் கொண்டுவருவது கடினம். ஒவ்வொரு பதிப்புக்கும் தனிக் கோப்புறை வைத்தால் ஒன்றின் மோட் இன்னொன்றைக் கெடுக்காது. முன்பின் தெரியாத தளத்திலிருந்து எதையும் பதிவிறக்கம் செய்யாதீர்கள். முக்கியமாக, எந்தப் பதிப்பில் எந்த மோட் வேலை செய்தது என்று எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின் வரும் ஒரு தம்பியோ தங்கையோ அதைத் தேடுவார்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை எவ்வளவு நேரம் விளையாடுகிறான் என்று கேளுங்கள், கேட்க வேண்டும். கூடவே, இன்று எதைச் சரிசெய்தாய் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவன் நீண்ட பதில் சொல்வான். சித்தி கேட்டுப் பார்த்தார். பாதி புரியவில்லை என்றார், ஆனால் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார்.

நாளை நம்மில் பலர் மென்பொருள் எழுதப்போகிறோம். 'புதுப்பிக்கவும்' என்ற பொத்தானை வடிவமைக்கப்போவதும் நம்மில் சிலர்தான். அதன் பக்கத்தில் 'இப்படியே இருக்கட்டும்' என்று இன்னொரு பொத்தானையும் வைக்க அப்போது மறந்துவிடாதிருப்போம்.