உச்சியில் எழுந்து போனவர்

1972-இல் 'குளோஸ் டு தி எட்ஜ்' தொகுப்பின் ஒலிப்பதிவு முடிந்த கையோடு யெஸ் என்ற ராக் குழுவிலிருந்து டிரம்மர் பில் புரூஃபோர்ட் விலகினார். பணமும் பெயரும் வாசலுக்கு வந்துவிட்ட நேரம். போனதோ, ஆள் மாறிக்கொண்டே இருந்த கிங் கிரிம்சனுக்கு. இரண்டே ஆண்டில் அதுவும் கலைந்தது. பைத்தியக்காரத்தனம் என்பார்கள். எனக்கோ பொறாமை. அந்தக் குழுவின் 'ரெட்' தொகுப்பில் அவருடைய ஸ்னேர் டிரம்மைக் கேளுங்கள்: வெண்கலப் பாத்திரத்தைத் தட்டியதுபோல 'டங்'கென்று விழும். பிறகு ஜெனிசிஸ் குழுவோடு ஒரு சுற்றுப்பயணம், யூகே என்ற குழு, சொந்த ஜாஸ் குழுவான எர்த்வொர்க்ஸ். விசுவாசம் இல்லாதவராம்! குழுவுக்கா வாழ்க்கைப்பட்டார்? 2009-இல் மேடையை விட்டவர், 2016-இல் சர்ரே பல்கலைக்கழகத்தில் டிரம் வாசிப்பை ஆய்ந்து முனைவரானார். இப்போது ஒரு சின்ன ஜாஸ் குழுவில் மறுபடியும் குச்சி பிடித்திருக்கிறார்.